நீரில்லாச் சிறுநீர்க்கலன்: உதிரிபாகத்தை மாற்றும் நாளை யார் முடிவு செய்வது?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் ‘முதன்மைப் பணி’யில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது. எவையெல்லாம் முதன்மைப் பணி ஆகா என்ற பட்டியலையும் அதுவே தருகிறது. பட்டியலின் முதல் இனம் துப்புரவு: பெருக்குதல், கழுவுதல், தூசி தட்டுதல், எல்லா வகைக் கழிவையும் சேகரித்து அகற்றுதல். துப்புரவுக்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம் என்றால் மட்டும் விலக்கு உண்டு. இந்நாட்டில் அந்த வேலையை எந்தச் சாதிகளின் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, பட்டியல் எங்கிருந்து தொடங்குகிறது என்பது வியப்பளிக்காது.

இந்த வரையறையை ஒரு சிறிய பொருளின் வழியாகப் பார்க்க விரும்புகிறோம். ராயக்கோட்டையிலிருந்து உத்தனப்பள்ளி, ஓசூர் வரை விரிந்துகொண்டிருக்கும் தொழிற்பகுதி போன்ற இடங்களுக்கு, தண்ணீர்ச் சிக்கனத்தின் பெயரால் ‘வாட்டர்லெஸ் யூரினல்’ எனப்படும் நீரில்லாச் சிறுநீர்க்கலன்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. அந்தக் கலனின் அடியில் கைக்கு அடக்கமான ஓர் உதிரிபாகம் இருக்கிறது. குறிப்பிட்ட அளவு பயன்பாட்டுக்குப் பின் அதை மாற்றியாக வேண்டும். மாற்ற வேண்டிய நேரத்தை முதலில் அறிபவர் தூய்மைத் தொழிலாளி. மாற்றலாம் என்று கையெழுத்திடுபவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் மேற்சொன்ன சட்ட வரையறை நிலைப்படுத்துகிறது.

முதலில் தண்ணீரைப் பேசிவிடுவோம். சிக்கனம் வேண்டாம் என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது. தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ராயக்கோட்டையின் வேளாண்மை ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதுவும் 2013-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. மறுபக்கம், பெங்களூருவின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். ஒரு முறைக்கு 2 லிட்டர் நீர் விடும் ஒரு சிறுநீர்க்கலனை நாளொன்றுக்கு 300 பேர் பயன்படுத்தினால், 300 வேலை நாட்களில் 1,80,000 லிட்டர் செலவாகும். நாற்பது கலன்கள் உள்ள ஆலையில் இது 72 லட்சம் லிட்டர். மிச்சப்படுத்தத் தக்க தொகைதான். (இது ஆண்களின் கழிப்பறைக்கு மட்டுமான கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய மின்னணு ஆலைகளில் இளம்பெண்களே பெரும்பான்மை; இந்தத் தொழில்நுட்பம் அவர்களுடைய கழிப்பறைக்குள் நுழைவதில்லை.)

அந்த 72 லட்சம் லிட்டர் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையில் ஏறிவிடும். அதை மிச்சப்படுத்துவதற்கான அன்றாட உழைப்பு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. தண்ணீர் செய்துவந்த வேலையை இப்போது ஓர் உதிரிபாகம் செய்கிறது. அது செய்யத் தவறும்போது ஒரு மனிதக் கை செய்கிறது.

வழக்கமான சிறுநீர்க்கலனில் குழாயின் வளைவில் தேங்கும் நீரே சாக்கடையின் நாற்றத்தைத் தடுக்கும் மூடி. நீரில்லாக் கலனில் அந்த மூடியைப் பல வழிகளில் அமைக்கிறார்கள். ஒன்று, சிறுநீரைவிட எடை குறைந்த ஓர் எண்ணெய்த் திரவம். சிறுநீர் அதனூடே இறங்கிக் கீழே போக, திரவம் மேலே மிதந்து வாயை மூடுகிறது. இத்திரவம் பெரும்பாலும் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். கார்ட்ரிட்ஜ் என்பது இதுதான். மற்றொன்று, சிறுநீர் இறங்கும்போது திறந்து பின் தானே ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ரப்பர் அல்லது சிலிக்கான் வால்வு. வேதிப்பொருளும் கார்ட்ரிட்ஜும் வேண்டாத ‘ஜீரோடோர்’ என்ற கருவி டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவானது, அதையும் கழற்றிக் கழுவ ஒருவர் வேண்டும்.

இவை ஏன் கெடுகின்றன? சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. காரத்தன்மை ஏறுகிறது. அதனால் கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து கல்லாகப் படிகின்றன. நம் பகுதியின் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் படிவு குறையாது, கூடும். அந்த நீரே மேலும் கால்சியத்தைக் கொண்டுவருகிறது. படிவு ஏறிய ரப்பர் வால்வு விறைத்து, முழுதாக மூடாமல் நிற்கும். எண்ணெய்த் திரவமோ ஒவ்வொரு பயன்பாட்டிலும் சிறிது அடித்துச் செல்லப்படுகிறது. ஒரு வாளி நீரை வேகமாக ஊற்றினால் மொத்தமாகப் போய்விடும். மிச்சத் தேநீரையும் துடைத்த அழுக்கு நீரையும் கொட்டினாலும் அதே கதிதான்.

எப்போது மாற்றுவது என்பதற்குத் தயாரிப்பாளர்கள் பயன்பாட்டு எண்ணிக்கையையே அளவாகச் சொல்கிறார்கள். ஃபால்கன் என்ற அமெரிக்கத் தயாரிப்பின் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 7,000 முறை தாங்கும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. இதை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு 25 பேர் பயன்படுத்தும் அலுவலகத்தில் 7,000 முறை என்பது 280 நாட்கள். மூன்று ஷிப்டு ஓடி, நாளுக்கு 300 பேர் பயன்படுத்தும் ஆலையில் அது 23 நாட்கள். ஒரே ஆலை வளாகத்திலேயே நிர்வாகக் கட்டடத்துக்கும் உற்பத்திக் கூடத்துக்கும் இந்த வேறுபாடு இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை’ என்று கொள்முதல் பிரிவு எழுதிவிட்டால், அதிகாரிகளின் கழிப்பறை எப்போதும் மணக்காமல் இருக்கும். தொழிலாளர் கழிப்பறை முதல் மாதம் முடியும் முன்பே நாறத் தொடங்கி, அடுத்த இரண்டு மாதம் நாறிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு மாதமும் யாருடைய கையில் கழிகிறது என்பதே நம் கேள்வி.

எண்ணிக்கை தெரியாவிட்டாலும் அடையாளங்கள் தெரியும். தரையில் சிதறியதால் வரும் நாற்றம் துடைத்தால் போய்விடும். குழாயிலிருந்து வரும் நாற்றம் துடைத்த சில நிமிடங்களில் திரும்ப வரும். கலனில் சிறுநீர் தேங்கி மெதுவாக இறங்குவது, வடியும் துளையைச் சுற்றி மஞ்சள் வெள்ளை நிறத்தில் கெட்டி வளையம் ஏறுவது, ரப்பர் தன் நெகிழ்வை இழப்பது, இவையெல்லாம் மாற்றும் காலம் வந்துவிட்டதைச் சொல்பவை. இவற்றைப் படித்தறிய எந்தப் பொறியியல் பட்டமும் வேண்டாம். அன்றாடம் அந்தக் கலனின் முன் குனிபவராக இருந்தால் போதும். மூக்கை மூடிக்கொண்டு வெளியேறிவிடும் மேற்பார்வையாளருக்குத் தரை நாற்றமும் குழாய் நாற்றமும் ஒன்றே. நம் சமூகம் ‘திறனற்ற வேலை’ என்று கூலி நிர்ணயிக்கும் வேலைக்குள் இருக்கும் அறிவு இது.

இந்த அறிவுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. தூய்மைப் பணி ஒப்பந்தங்களின் பொதுவான அமைப்பு நாம் அறிந்ததுதான்: இத்தனை ஆட்கள், இத்தனை ஷிப்டு, பினாயில், துடைப்பம் போன்ற பொருட்கள் ஒப்பந்ததாரர் செலவு, கட்டடமும் அதில் பொருத்திய சாதனங்களும் நிறுவனத்தின் பொறுப்பு. கார்ட்ரிட்ஜ் இதில் எந்தப் பக்கம் சேரும்? தீர்ந்துபோவதால் அது பொருள், ஆகவே ஒப்பந்ததாரர் வாங்கட்டும் என்பார் நிறுவனத்தார். சுவரோடு பொருந்தியிருப்பதால் அது சாதனம், நிறுவனம் வாங்கட்டும் என்பார் ஒப்பந்ததாரர். குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்தவர், கணக்கில் வராத ஒரு செலவை விரும்பி ஏற்கப் போவதில்லை. இந்த இழுபறி நடக்கும்போது நாற்றம் குறித்த புகார் மட்டும் நேராகத் தொழிலாளியிடம் வந்து சேர்கிறது. “ஒழுங்காகக் கழுவவில்லை.”

அதன்பின் நடப்பவை ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. வாளி வாளியாக நீர் ஊற்றச் சொல்கிறார்கள். மிஞ்சியிருந்த திரவமும் போகிறது. ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். அது நாளடைவில் ரப்பரையும் உலோகத்தையும் அரிக்கிறது. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா மண்டிய கலனில் பிளீச்சிங் பவுடர் மட்டும் விழுந்தாலும் நுரையீரலைத் தாக்கும் குளோரமின் உண்டாகும். காற்றோட்டமில்லாத கழிப்பறையில், கையுறையும் முகக்கவசமும் இன்றி, எந்தப் புட்டியில் எது இருக்கிறது என்ற எழுத்துகூட இல்லாமல் இதைச் செய்பவர், சாக்கடைக்குள் இறங்காததனாலேயே ‘அபாயகரமான துப்புரவு’ என்ற சட்டச் சொல்லுக்குள் வரமாட்டார்.

முறையாக மாற்றும்போதும் வேலை எளிதன்று. பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்ற அதற்கென உள்ள சாவி வேண்டும். வெளியே எடுக்கும் கூட்டுக்குள் பழைய சிறுநீர் நிறைந்திருக்கும். சிந்தாமல் பையிலிட்டு அகற்ற வேண்டும். புதியதை மாட்டும் முன் குழாயில் தாராளமாக நீர் விட்டுப் படிவைக் கழுவ வேண்டும். தடித்த கையுறை, கண்ணாடி, அரைமணி நேரம், இவ்வளவும் வேண்டிய பணி. சாவி வாங்கித் தராத இடத்தில் ஸ்குரூ டிரைவரால் நெம்புவார்கள். அதுவும் இல்லாவிட்டால் விரலால்.

2006-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் காம்காஸ்ட் மையம் என்ற வானளாவிய கட்டடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நீரில்லாச் சிறுநீர்க்கலன்கள் பொருத்தத் திட்டமிட்டபோது, குழாய்ப் பணியாளர் சங்கம் எதிர்த்தது. தங்கள் வேலை குறையும் என்ற கவலை அதில் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. முடிவில், கலன்களை வைக்கலாம், ஆனால் பிற்காலத் தேவைக்காக நீர்க்குழாய்களையும் சுவருக்குள் பதித்துவிட வேண்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது. 2010-இல் சிகாகோ நகர மன்றக் கட்டடத்தில் இத்தகைய கலன்களை, செப்புக் குழாய்கள் அரிக்கப்பட்டதால், அகற்றினார்கள். ஆகவே தொழில்நுட்பம் எங்கும் தோற்கக்கூடியதுதான். பிலடெல்பியாவில் தொழிலாளர் தரப்பு பேச்சுவார்த்தை மேசையில் இருந்தது. அதனால் சுவருக்குள் குழாய் வந்தது. இங்கே கழிப்பறை வரைபடம் வரையப்படும்போது அதைக் கழுவப்போகிறவரை அழைத்துக் கேட்கும் வழக்கமே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணிக்குத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சுகாதாரமற்ற கழிப்பறை, அதிலிருந்து கழிவு வந்து விழும் திறந்த வடிகால், குழி, இருப்புப்பாதை ஆகியவற்றைச் சுற்றியே தன் வரையறையை அமைத்திருக்கிறது. பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிய ஆலைக் கழிப்பறை அதன் கண்ணில் படாது. போதாக்குறைக்கு, அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் கழிவை அகற்றுபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்ற விளக்கமும் அதிலேயே உள்ளது. 2023-இல் தொடங்கிய ‘நமஸ்தே’ திட்டம் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களையும், பின்னர் குப்பை சேகரிப்போரையும் கணக்கில் எடுத்தது. பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை, குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒருவர் இறந்தால் மட்டுமே நம் சட்டமொழி அவரைக் காண்கிறது. இருபது ஆண்டுகள் அம்மோனியாவைச் சுவாசித்து இருமிக்கொண்டிருப்பவருக்கு அதில் பெயரில்லை.

ஒப்பந்த முறையின் வரலாறும் இதனோடு பின்னியிருக்கிறது. 1976 டிசம்பர் 9 அன்று ஒன்றிய அரசு, தன் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் கட்டடங்களைப் பெருக்குதல், கழுவுதல் முதலிய பணிகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தத் தடைவிதித்தது. 2001-இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல்சாசன அமர்வு அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு இன்னும் ஓரடி எடுத்து வைத்து, எந்தப் பணியை 1976-இல் நிரந்தரமாக்க முயன்றார்களோ அதையே ‘முதன்மை அல்லாத’ பணிகளின் தலைப்பில் வைத்தது. ஐம்பது ஆண்டுகளில் வட்டம் முழுமையாகச் சுற்றிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பும் 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்திருக்கிறது; ஓர் ஆலையின் கழிப்பறைகளைப் பார்த்துக்கொள்ள எத்தனை ஒப்பந்ததாரர் 50 பேரை வைத்திருக்கப் போகிறார்?

2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்கு விடப்பட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்திருந்தவர்கள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அதே ஆண்டு மே 1 அன்று, ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள பெங்களூருவில், நீண்ட போராட்டத்துக்குப் பின் 12,692 பௌரகார்மிகர்களுக்குப் பணி நிரந்தர ஆணை வழங்கப்பட்டது. இரண்டும் மாநகராட்சிப் பணிகள். தனியார் ஆலைக்கு நேராகப் பொருந்தாது என்பது தெரியும். ஆயினும் எல்லைக்கு இருபுறமும் அருந்ததியரும் மாதிகரும் பிற பட்டியல் சாதியினரும் செய்யும் வேலை ஒன்றே. நிரந்தரப் பணியாளர் ‘இதை மாற்றுங்கள்’ என்று சொன்னால் அவரை மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்வது கடினம். ஒப்பந்தத் தொழிலாளியிடம் அப்படிச் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். நீரில்லாக் கலன்கள் பள்ளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. 2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். தூய்மைப் பணியாளர் இல்லாத பள்ளியில் உதிரிபாகம் கெட்டால் யாரை அழைப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் வேண்டியதில்லை. ஆள் நியமனமும் உதிரிபாகத்துக்கான ஆண்டு நிதியும் இல்லாத பள்ளியில் இந்தக் கலனைப் பொருத்துவதை எதிர்க்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் அமைத்த சமுதாயக் கழிப்பறையில் சிறுநீரைத் தனியே பிரித்துச் சேகரித்தார்கள். பயன்படுத்துவோருக்கு ஒரு முறைக்கு 10 காசு கொடுத்தார்கள். திருச்சியிலுள்ள வாழை ஆராய்ச்சி மையம் அந்தச் சிறுநீரை உரமாகச் சோதித்தது. அங்கே சிறுநீருக்கு ஒரு விலை இருந்தது. விலையுள்ள ஒன்றைக் கொண்டுசெல்லும் குழாயும் வால்வும் கெட்டால் அது இழப்பாகக் கணக்கில் ஏறும். கணக்கில் ஏறுவதைச் சரிசெய்ய ஆளும் பணமும் கிடைக்கும். முசிறியைச் சாதி ஒழிந்த இடமென்று நாம் சொல்ல வரவில்லை.

ராயக்கோட்டை, ஓசூர்ப் பகுதியின் தொழிற்சங்கங்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. கார்ட்ரிட்ஜ், வால்வு, திரவம், சாவி, கையுறை ஆகியவை யாருடைய செலவு என்பது தூய்மைப் பணி ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். மாற்றும் காலம் மாதக் கணக்கில் இல்லாமல் பயன்பாட்டு எண்ணிக்கையில் குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கழிப்பறைக்கும் ஒரு பதிவேடு வேண்டும். அதில் ‘மாற்ற வேண்டும்’ என்று தூய்மைத் தொழிலாளி எழுதினால் 24 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், மாற்றாத கலனைக் கழுவ மறுக்கும் உரிமை அவருக்கு வேண்டும். புதிய தொகுப்பின் 14-ஆம் பிரிவு, தன் பணியிடப் பாதுகாப்பு குறித்த தகவலைப் பெறவும், குறைபாட்டை முதலாளியிடமும் பின் ஆய்வாளரிடமும் முறையிடவும் வேலையாளுக்கு உரிமை தருகிறது. நமக்கு உவப்பற்ற சட்டமாயினும் அந்தப் பிரிவைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும். ஒப்பந்ததாரரின் பெயரைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்கும் முதல் நிறுவனத்தின் மீதான முறையீடே நமக்கு வேண்டிய முதல் வழக்கு. பாதுகாப்புக் குழுக்களில் தூய்மைத் தொழிலாளருக்கு ஓர் இடம் என்பதையும் இத்துடன் சேர்க்கிறோம்.

மாணவர்கள் இதைத் தங்கள் கல்லூரியிலேயே தொடங்கலாம். அரசுக் கல்லூரி, அரசு மருத்துவமனை, பேருந்து நிலையம் எதுவாயினும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு ஒப்பந்தங்களையும் பதிவேடுகளையும் ‘தகவல்’ என்றே வரையறுக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாட்களில் பதில். கேட்க வேண்டியவை: இந்த வளாகத்தில் எத்தனை நீரில்லாச் சிறுநீர்க்கலன்கள் உள்ளன? எந்த நாளில் பொருத்தப்பட்டன? அவற்றின் உதிரிபாகங்கள் இதுவரை எத்தனை முறை, எந்தெந்த நாட்களில் மாற்றப்பட்டன? அதற்கான பட்டியல் தொகை எவ்வளவு? மாற்றியவர் யார், அவருக்கு என்னென்ன பாதுகாப்புக் கருவிகள், எந்த நாளில் வழங்கப்பட்டன?